ஓசி விசாவும் மாமனாரின் மஞ்சப்பையும்

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்துது. கள்ளக்குறிச்சி போய் ஒரு இங்கிலீஷ் லெட்டரைப் படிச்சுச் சொல்லிட்டு வரணும்.

லெட்டர் என் சித்தப்பா மகன் ஏழுமலைக்கு வந்தது. அவன் மூங்கில்துறைப்பட்டுல ஒரு பட்டறையில கரும்பு டிராக்டரோட டிரெய்லருக்கு வெல்டிங் அடிக்கிறவன். சர்க்கரை ஆலை ஓடுற வரைக்கும் அவனும் ஓடுவான், ஆலை நின்னா அவனும் நிப்பான். இப்ப வளைகுடாவுல ஒரு கம்பெனியில வெல்டர் வேலை கெடச்சிருக்கு. கம்பெனியே ஆளெடுத்து, கம்பெனியே விசா குடுக்குதாம்.

"ண்ணா, ஏஜென்ட் ஆபீஸ்ல லெட்டர் குடுக்கறாங்க. இன்னா சம்பளம், எத்தினி மணி நேரம் வேலைன்னு மட்டும் பாத்துச் சொல்லு. அர மணி நேர வேலை!"

நான் இருபது வருஷம் வளைகுடாவுல குப்பை கொட்டிட்டு ஊர் திரும்பினவன். பத்தாவது வரைக்கும் தமிழ்ல, அதுக்கு மேல இங்கிலீஷ்ல படிச்சவன். சங்கராபுரத்துல எங்க தெருவுக்கு வர்ற பேங்க் லெட்டர்ல இருந்து மருந்து பாட்டில் வரைக்கும் நான்தான் படிச்சுச் சொல்றது. மருந்து பாட்டில் படிக்கிறதுல என்னய்யா பெருமைன்னு கேக்காதீங்க. வேற வேலை இல்லாதவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

கெளம்பும்போது என் மனைவி சொன்னா, "படிச்சிட்டு வாங்க. பேசிட்டு வராதீங்க."

சரின்னு தலையாட்டினேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல ஏழுமலை நின்னுகினு இருந்தான், பக்கத்துல அவன் மாமனார் கலியமூர்த்தி மாமாவும் இருந்தாரு. ரிஷிவந்தியம் பக்கம் ரெண்டு ஏக்கர்ல கரும்பு வெச்சிருக்கிறவரு. ஒரு மஞ்சப்பைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்து அணைச்சுப் பிடிச்சிருந்தாரு.

"மாமா, லெட்டர் படிக்கிறதுக்கு நீங்க எதுக்கு?"

"விசா காசு கட்டணும்ல தம்பி. ஒன்னரை லட்சம்."

எங்க பக்கம் பொண்ணு குடுக்கும்போது பவுனு பேசுவாங்க, வண்டி பேசுவாங்க. இப்ப கொஞ்ச வருஷமா கடைசியா ஒரு வரி சேந்திருக்கு. 'மாப்ள வெளிநாடு போனா விசா செலவு பொண்ணு வூடு.' விசா செலவை முதலாளி குடுக்கணுமா, வேலைக்குப் போறவன் குடுக்கணுமான்னு உலகம் பூரா ரெண்டு கட்சியா நின்னு வாதாடிகினு இருக்கு. நாங்க சத்தமே இல்லாம மூணாவதா ஒரு ஆளைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம். மாமனார்!

"கரும்பு காசா மாமா?"

"சின்னவ சுகன்யாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சுதுல்ல, அதுக்குக் கட்ட வெச்சிருந்தது. இன்னைக்கு நாலு மணிக்குள்ள கட்டலன்னா சீட்டை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். இன்னா பண்றது? கல்யாணத்துல பத்து பேர் முன்னால வாக்கு குடுத்துட்டேன்."

"சுகன்யா இன்னா சொன்னா?"

"சரிப்பான்னு சொன்னா. சொல்லிட்டு நேத்துல இருந்து சாப்புடல."

நான் ஏழுமலையப் பாத்தேன். அவன் செல்போனப் பாத்தான்.

ஏஜென்ட் ஆபீஸ் ஒரு உரக்கடைக்கு மேல மாடியில இருந்துது. உள்ள சுவர் முழுக்க விமானப் படம். கீழ இருந்து யூரியா வாசனை. பத்துப் பன்னெண்டு பிளாஸ்டிக் நாற்காலியில ஜோடி ஜோடியா உக்காந்திருந்தாங்க. ஒரு மாப்பிள்ளை, ஒரு மாமனார். ஒரு மாப்பிள்ளை, ஒரு மாமனார். மாப்பிள்ளை கையில செல்போன், மாமனார் மடியில பை.

ஏஜென்ட் நல்ல வெள்ளைச் சட்டை. நெத்தியில விபூதி, கையில ரெண்டு மோதிரம். எங்களப் பாத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"மாமனார் வந்திருக்காரா?"

"வந்திருக்காருங்க," அப்படின்னான் ஏழுமலை.

"அப்ப உக்காருங்க."

சர்ட்டிபிகேட் எங்கன்னு கேக்கல, வெல்டிங் தெரியுமான்னு கேக்கல. பாஸ்போர்ட்டை மட்டும் ஒரு மாசம் முன்னாலயே வாங்கி டிராயர்ல பூட்டி வெச்சிருந்தாரு.

டீ வந்துது. லெட்டரும் வந்துது. கண்ணாடிய எடுத்துப் போட்டுகினு ஆரம்பிச்சேன். சம்பளம் இவ்வளவு, வேலை எட்டு மணி நேரம், ரூம் கம்பெனியோடது. ஏழுமலை முகம் பூரிச்சுப் போச்சு. அத்தோட லெட்டரை மடிச்சுக் குடுத்திருந்தா, மதியச் சாப்பாட்டுக்கு வீட்ல இருந்திருப்பேன்.

ஏழாவது வரிக்கு வந்தேன்.

விசா, மெடிக்கல், விமான டிக்கெட் எல்லாம் கம்பெனி செலவு. வேலைக்கு வர்றவர்கிட்ட யாரும், எந்தப் பேர்லயும், பணம் வாங்கக் கூடாது.

இன்னொரு தடவை படிச்சேன். அப்படியேதான் இருந்துது! உடனே எனக்குள்ள இருந்த வாத்தியார் எழுந்து நின்னுட்டார். கூடத்துக்கே கேக்கற மாதிரி தமிழ்ல சொன்னேன்.

கலியமூர்த்தி மாமா பைய இன்னும் கொஞ்சம் இறுக்கினாரு.

ஏஜென்ட் சிரிச்சாரு. "சார், விசா ஃப்ரீதான். நான் எப்ப இல்லன்னேன்? விசாவுக்கு ஒரு ரூபா வாங்கல நாங்க."

"அப்ப ஒன்னரை லட்சம் எதுக்கு?"

"அந்த ஃப்ரீ விசாவ எடுத்துக் குடுக்கறதுக்கு."

இதை அவர் கூச்சமே இல்லாம சொன்னாரு. என் இருபது வருஷ அனுபவத்துல இவ்வளவு சுத்தமான பதிலை நான் கேட்டதில்ல.

"எந்தப் பேர்லயும் வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே!"

"அது கம்பெனிக்காரன் அழகுக்கு எழுதறது சார். கல்யாணப் பத்திரிகையில 'அன்பளிப்பு தவிர்க்கவும்'னு போடறாங்க. நீங்க மொய் வெக்காம வந்துடுவீங்களா?"

நாற்காலிக்காரங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. சிரிச்சவங்க அத்தனை பேரும் ஒன்னரை லட்சம் மொய் எழுத வந்தவங்க!

நான் அவங்க பக்கம் திரும்பினேன். "உங்க லெட்டர்லயும் இந்த வரி இருக்கும். குடுங்க, படிச்சுச் சொல்றேன்."

அவ்வளவுதான். கூடத்துல இருந்த லெட்டர் எல்லாம் சட்டைக்குள்ள போச்சு. ஒருத்தர் லெட்டர் மேலயே உக்காந்துட்டாரு.

ஓரமா இருந்த ஒரு மீசைக்கார மாமனார் சொன்னாரு, "நீ சும்மா இருய்யா. எங்க பெரிய மாப்ளக்கு நாப்பதாயிரத்துல ஒரு விசா வாங்கிக் குடுத்தேன். மூணே வாரத்துல திரும்பி வந்துட்டான். அடுத்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்துல வாங்கினேன். இப்ப மாடி வூடு கட்டிகினு இருக்கான். காசு கம்மியா இருந்தாலே டவுட்டு. காசே இல்லன்னா அது இன்னா விசா?"

"டூப்ளிகேட்டு!" அப்படின்னு நாலு பேர் ஒத்து ஊதினாங்க.

கூலிக்கு ஆள் வேணும்னு கூப்பிடறவன் கையில காசு குடுத்துட்டுப் போய் கூலி வேலை செய்யிற ஜனம் நாம. அதுலயும் விலை ஜாஸ்தியான கூலி வேலைதான் வேணும்!

மீசைக்காரர் விடல. "இவ்ளோ பேசறியே, நீ போனப்ப யாரு குடுத்தாங்க?"

வாய் வரைக்கும் 'கம்பெனி'ன்னு வந்துது. இருபது வருஷமா ஊர்ல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். உண்மை என்னன்னா, என் அப்பா ஒரு காணி நிலத்தை வித்துக் குடுத்தாரு. அன்னைக்கு எனக்கு வந்த லெட்டர்லயும் கிட்டத்தட்ட இதே வரி இருந்துது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படிச்சேன், மடிச்சேன், பைக்குள்ள வெச்சுக்கினேன். கேட்டா வேலை போயிடுமோன்னு பயம். அந்த நிலத்துல இப்ப யாரோ மரவள்ளி போட்டிருக்காங்க. பஸ்ஸுல போகும்போது நான் வேற பக்கம் ஜன்னலப் பாத்து உக்காந்துக்குவேன்.

"எங்க அப்பா குடுத்தாரு," அப்படின்னேன்.

"அப்பறம் இன்னா? நீ மட்டும் காசு குடுத்துப் போவ, இவங்க ஓசியில போவணுமா?"

அதுக்கு மேல எனக்குக் கோபம் வந்துடுச்சு. மீசைக்காரர் மேல இல்ல, அந்த லெட்டரை மடிச்சவன் மேல. லெட்டர் அடியில கம்பெனியோட சென்னை ஆபீஸ் நம்பர் இருந்துது. போட்டேன். ஸ்பீக்கர்லயும் போட்டேன்.

ஒரு பொண்ணு எடுத்துச்சு. நான் என் இங்கிலீஷை எல்லாம் இஸ்திரி போட்டு எடுத்து விட்டேன். ரெண்டு நிமிஷம், மூச்சு விடாம.

அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு, "சார், தமிழ்லயே சொல்லுங்க. சீக்கிரம் புரியும்," அப்படின்னுச்சு.

கூடம் மறுபடி சிரிச்சுது. நான் தமிழ்ல சொன்னேன்.

"லெட்டர்ல இருக்கறது சரிதான் சார். எல்லாச் செலவும் எங்களோடது. உங்க தம்பி ஏற்கெனவே பணம் கட்டிட்டாரா? கட்டியிருந்தா விசாரணை முடியற வரைக்கும் அவர் ஃபைலை நிறுத்தி வைக்கணும்."

ஏழுமலை நாற்காலியத் தள்ளிட்டுப் பாஞ்சு வந்தான். போன்ல வாய வெச்சுக் கத்தினான். "மேடம்! நோ மணி மேடம்! ஒரு பைசா குடுக்கல மேடம்! இவரு எங்க அண்ணன் மேடம், வெயில்ல வந்தாரு!"

"வெயில்ல வந்தாரா?"

"கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிட்டாரு மேடம்!"

கூடப் பொறந்தது மாதிரி வளந்தவன். ஒரு நிமிஷத்துல என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டான்.

"பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" மேடம் குரல் மாறிடுச்சு.

"ஏஜென்ட்கிட்ட," அப்படின்னேன்.

"அவர்கிட்ட போனைக் குடுங்க."

போனை நீட்டினேன். உக்காந்திருந்த ஏஜென்ட் எழுந்து நின்னாரு. மோதிரக் கையால சட்டைய இழுத்து விட்டுக்கினாரு.

"சொல்லுங்க மேடம். ஆமா மேடம். ஃப்ரீ மேடம். டீ கூட நாங்கதான் மேடம் வாங்கிக் குடுத்தோம்... பாஸ்போர்ட்டா, இதோ, இப்பவே குடுத்து நேரா உங்க ஆபீஸுக்கே வரச் சொல்லிடறேன் மேடம்."

டிராயர் திறந்துது. பாஸ்போர்ட் வந்துது. ஏழுமலை கையில குடுக்கும்போது என்னைப் பாத்து ஒரே வார்த்தை சொன்னாரு. "நல்லா இருங்க சார்." அதை வாழ்த்துன்னு எடுத்துக்கறதா என்னன்னு இன்னும் முடிவு பண்ணல.

ஜெயிச்சுட்டேன்! இப்ப எல்லாரும் பைய எடுத்துக்கினு எழுந்து வருவாங்கன்னு கூடத்தைத் திரும்பிப் பாத்தேன்.

மீசைக்காரர் எழுந்தாரு. நேரா ஏஜென்ட் மேசைக்குப் போனாரு. "சார், நம்ம பார்ட்டியெல்லாம் அப்படி இல்ல சார். நம்மளுத முடிச்சு விடுங்க," அப்படின்னு பைய அவுத்தாரு. பின்னாலயே ஒரு வரிசை நின்னுது. முண்டியடிச்சுகினு.

நான் படியில இறங்கினேன்.

கீழ உரக்கடை வாசல்ல வேற கச்சேரி ஆரம்பிச்சிருந்துது.

"மாமா, அந்தக் காசக் குடுங்க," ஏழுமலை கைய நீட்டிகினு நின்னான்.

"எந்தக் காசு மாப்ள?"

"விசா காசு. எனக்குன்னு சொன்னதுதான?"

"விசாவுக்குன்னு சொன்னது. விசா ஓசின்னு மேலயே முடிவாயிடுச்சே!"

"அது கம்பெனி எனக்குக் குடுக்கறது. இது நீங்க எனக்குக் குடுக்கறது. ரெண்டும் வேற வேற. ண்ணா, நீயே சொல்லு!"

என்ன தம்பி அவன்! பத்து நிமிஷம் முன்னால பைத்தியக்காரன், இப்ப நடுவர்.

"கம்பெனி குடுக்கறது கம்பெனி செலவுடா. மாமா குடுக்கறதா சொன்னது விசா செலவு. செலவே இல்லன்னா..."

"நீ வெளிநாட்ல இருந்து வந்து எங்க குடும்பத்தக் கெடுக்காதண்ணா!"

கலியமூர்த்தி மாமா அதுவரைக்கும் மெதுவாத்தான் பேசிகினு இருந்தாரு. இப்ப பைய அக்குள்ல வெச்சுக்கினு நிமிந்தாரு. "மாப்ள, விசாவும் ஓசி, டிக்கெட்டும் ஓசி, தங்கற ரூமும் ஓசி. உனக்குக் கல்யாணம் கட்டி வெச்சதும் என் செலவு. இனிமே கொஞ்ச நாளைக்கு நீயும் செலவு இல்லாம இரு."

ஏழுமலை மூஞ்சியத் திருப்பிக்கினு சங்கராபுரம் பஸ்ல ஏறிப் போயிட்டான். ஒன்னரை லட்சம் மிச்சமானதுக்குத் துக்கம் கொண்டாடின முதல் வெல்டர் அவனாத்தான் இருப்பான்.

மணி மூணு பத்து. மாமா என் கையப் பிடிச்சாரு. "தம்பி, காலேஜ் போயிடலாமா?"

ஆட்டோ பிடிச்சோம். கச்சிராயபாளையம் ரோட்டுல போகும்போது கல்வராயன் மலை மேல மழை கட்டி நின்னுகினு இருந்துது. மாமா செல்போன எடுத்தாரு. சுகன்யாவுக்குப் போன் பண்ணி, "சாப்புட்டியா?" அப்படின்னு மட்டும் கேட்டாரு. "போய்க்கினு இருக்கேன், சாப்புடு," அப்படின்னுட்டு வெச்சிட்டாரு.

நாலுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஃபீஸ் கவுன்டர்ல நின்னோம். அங்க இருந்த கிளார்க் அம்மா காசை எண்ணி வாங்கிட்டு, இங்கிலீஷ்ல அச்சடிச்ச நாலு பக்கத்தை நீட்டினாங்க. "படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க."

நான் கண்ணாடிய எடுத்தேன்.

மாமா தாள் மேல உள்ளங்கைய வெச்சு அழுத்தினாரு. "தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். கையெழுத்து எங்கன்னு மட்டும் காட்டு."