சத்தியமாக நேற்று வைத்தது

சட்டியில் பாதி மீன்குழம்பு கிடந்தது. முந்தின நாள் மிஞ்சியது. தொண்டியிலிருந்து வரவேண்டிய மீன் வண்டி அன்றைக்கு வரவில்லை. மணியோ பன்னிரண்டரை.

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சேக் தாவூது மெஸ் தொடங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இது ஓடாவிட்டால் மறுபடியும் சவுதிக்குப் போய் லாரி ஓட்ட வேண்டும். பாஸ்போர்ட் பீரோவில் தயாராக இருந்தது. வேறு வழியில்லாமல் அந்தக் குழம்பையே சூடாக்கச் சொல்லி வாங்கி ஊற்றினார்.

டைல்ஸ் ஒட்டும் ஆசைத்தம்பி முதல் வாயிலேயே நிமிர்ந்தார்.

"பாய், பழைய கொழம்பா?"

"பழசில்லண்ணே." தாவூது கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நேத்து வச்சது."

"நேத்து வச்ச மீன்கொழம்பா! அதான் புளியும் காரமும் மீனுக்குள்ள எறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

சாயங்காலம் மீன் வண்டி வந்தது. அதற்கு முன்பே வாசலுக்குப் போர்டு வந்துவிட்டது: 'நேற்று வைத்த மீன்குழம்பு கிடைக்கும்.'

மறுநாள் மத்தியானம் உட்கார இடமில்லை. ஆனால் பழைய சட்டிதான் முந்தின நாளே காலியாகிவிட்டதே, நேற்றைய குழம்புக்கு எங்கே போவது? மனைவி பாத்திமுத்துவிடம் யோசனை கேட்கவும் வழியில்லை. ஒருமுறை உதவி செய்கிறேன் என்று இவர் குழம்பில் இரண்டாம் தடவையாக உப்பைப் போட்டதிலிருந்து அவள் இவரைச் சமையல்கட்டுக்குள் விடுவதில்லை; சமையலைப் பற்றி வாயைத் திறக்கவும் விடுவதில்லை. சட்டி கொதிக்கக் கொதிக்க வெளியே வந்தது. தாவூது மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அதையே நேற்றையது என்று ஊற்றினார்.

"இன்னிக்கு வச்சதுல இந்த ருசி வருமா?" ஆசைத்தம்பி விரலை நக்கினார்.

"எங்குட்டு வரும்?" என்றார் தாவூது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பத்தாம் நாள் எதிர்க்கடைக்காரர் 'முந்தாநாள் வைத்த மீன்குழம்பு' என்று எழுதி மாட்டினார். பாதிக் கூட்டம் ரோட்டைத் தாண்டிவிட்டது. தாவூது விடவில்லை. 'சத்தியமாக நேற்று வைத்தது' என்று புதுப் போர்டு வைத்தார். 'சத்தியமாக' மட்டும் சிவப்பில். அதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். படம் ஊரைச் சுற்றியது. இரண்டாம் நாள் மத்தியானப் பந்தியின் நடுவே உணவுப் பாதுகாப்பு அதிகாரி அகிலா வந்து நின்றார்.

"பழசை விக்கிறீங்கன்னு புகார் வந்திருக்கு. இது என்னிக்கு வச்சது?"

அத்தனை பேரும் சோற்றில் கையை வைத்தபடி தாவூதின் வாயையே பார்த்தார்கள். நேற்று என்றால் கடைக்குச் சீல். இன்று என்றால் கூட்டம் போச்சு. போன கூட்டத்தை மறுபடி கூட்டலாம்; சீலை உரிக்க முடியாது.

"இன்னிக்குக் காலையில வச்சதுங்க மேடம். போர்டு சும்மா வெளம்பரத்துக்கு."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

ஆசைத்தம்பி கையை உதறினார். "அதான பாத்தேன்! மீனு தனியா, புளித்தண்ணி தனியா நிக்கிது. வாயில வைக்க வெளங்கல. எத்தன நாளா பாய் எங்கள ஏமாத்துறீக?"

"மூணாவது தடவ சோறு வாங்கினப்பறந்தான் தெரிஞ்சுச்சாண்ணே?"

அகிலா அதே சட்டியிலிருந்து அரைக் கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "புதுசுங்கிறது வாசத்துலயே தெரியுதே. காலையில வச்ச கொழம்போட பக்குவமே தனிதான்."

பைலை மூடிக்கொண்டு வாசலில் செருப்பு வாரை மாட்டக் குனிந்தார். உள்ளே வரிசையாக இலைகள் பாதிச் சோற்றோடு மடங்கின. தாவூதுக்குக் கண்ணெதிரே பாஸ்போர்ட் வந்து போனது.

ஒருநாளும் வெளியே வராத பாத்திமுத்து, சத்தம் கேட்டுக் கரண்டியோடு வந்தாள்.

"என்னங்க, எல்லாரும் எந்திரிச்சுட்டாக?"

"காலையில வச்சதுன்னு சொல்லிட்டேன்ல, அதான்," என்று தாவூது முணுமுணுத்தார்.

"யா அல்லா! காலையில வச்சதா?" பாத்திமுத்துவின் குரல் வாசல்வரை போனது. "பொய் சொல்லி விக்கிறது ஹராமாச்சேன்னு, நீங்க போர்டு மாட்டுன அன்னைக்கிருந்தே மொத நாளு சாயங்காலமே கொழம்பக் கூட்டி வச்சிட்டு, காலையில சூடுதான பண்ணித் தாரேன்!"