கோடி டிகிரி வாயுவை ஏலம் எடுத்த விவரம்

பாவூர்சத்திரம்

மரியாதைக்குரிய மச்சான் ஸ்டான்லி அவர்களுக்கு ஜெபசிங் எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை ரூபியும் சுகம்; என் சர்க்கரை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது. அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே?

நீங்கள் போனில் சொன்னபடி நான் உறுதியாகத்தான் இருக்கிறேன். என் மகள் கிருபா மூன்று வருஷ ஆராய்ச்சி என்று ஜெர்மனிக்குப் போகக் கூடாது. நீங்கள் பார்த்த தென்காசி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை, மாப்பிள்ளையின் அப்பா கிங்ஸ்லி உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் முதல் விளைச்சலைக் காணிக்கை வைத்து ஏலம் விடுவோமே, ரூபி என்ன செய்தாள் தெரியுமா, நம் வீட்டு விளைச்சல் இதுதான் என்று கிருபாவின் முதல் ஆராய்ச்சிப் படத்தைச் சட்டம் போட்டு, ஒரு சேவலுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் வைத்துவிட்டாள், ஏலம் விடுகிறவர் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்று கிருபாவையே மைக்கில் கூப்பிட்டுவிட்டார்.

"பக்கத்து கேலக்ஸி. நடுவுல ஒரு கருந்துளை. கிட்ட வாரதை விழுங்குது, மிச்சத்தை வெளிய தள்ளுது. சுத்தி நீலமா நிக்குது பாருங்க, பூரா வாயு. கோடி டிகிரி சூடு. கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேல பிடிச்சு நான் கலர் குடுத்தேன்."

"பக்கத்துலன்னா, செங்கோட்டை தாண்டியா?" என்றார் கிங்ஸ்லி.

"இல்ல மாமா. அங்கேருந்து வெளிச்சம் வர அஞ்சு கோடி வருஷம். எங்க கணக்குல அது பக்கம்தான்."

பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன் மச்சான். குற்றாலத்துச் சாரல் என் கண்ணாடியில் அடிக்கிறது, துடைக்கத் தோன்றவில்லை. மனுஷனே இல்லாத காலத்தில் புறப்பட்ட வெளிச்சத்தை, என் மண்டியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்த பிள்ளை பிடித்து வைத்திருக்கிறாள்! கையைத் தூக்கி விலை கேட்டேன். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இந்த விலை காணாது என்று பட்டது, மறுபடி தூக்கினேன், அதுவும் காணவில்லை, மறுபடியும் தூக்கினேன்.

"அண்ணாச்சி, உங்க விலைக்கு மேல நீங்களே கேக்கீயளே! மண்டியில ஏலம் விடுத ஆளு நீங்க!" என்றார் ஏலம் விடுகிறவர்.

"எழுதும்வே, அது போதாது!" என்று கத்தியிருக்கிறேன். ரூபி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கிங்ஸ்லி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத விரும்பவில்லை.

அது அது, இது இது. என் முடிவில் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை அவர்களை நிச்சயம் பேச வரச் சொல்லுங்கள். அக்காவுக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஜெபசிங்

பி.கு: அவர்களை வரச் சொல்ல வேண்டாம். கிருபாவின் பெட்டியில் கருப்பட்டி வைத்து நானே கயிறு கட்டிவிட்டேன். செவ்வாய் சாயங்காலம் தென்காசியில் ரயில். நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள் மச்சான், நான் அழுதால் அவள் இறங்கிவிடுவாள்.