ஓலையை நனைத்த மாயச் சதுரம்

எனக்குக் கணக்கு வரும் என்பதில் எனக்கிருக்கும் நம்பிக்கை, என்னைத் தெரிந்த வேறு யாருக்கும் கிடையாது. எல்லாம் நாசரேத்தில் என் கல்யாண ஓலை எழுதிய அந்தச் சனிக்கிழமையால் வந்தது.

எங்கள் சபைகளில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தால்தான் கல்யாணம். மறுநாள் முதல் வாசிப்பு. மூன்றாவது வாசித்த அடுத்த நாளே கல்யாணம்; தவறினால் லெந்து என்ற தவக்காலம் தொடங்கிவிடும், ஈஸ்டர் வரை தாலி கட்ட முடியாது. மில்லர்புரத்தில் எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், ஓலையில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றே பத்து நாள் பயணமாக வெளியூர் கிளம்பிவிட்டார்.

பெண்வீட்டு டீப்பாயில் அந்த ஓலை இருந்தது. பக்கத்தில் என் மாயச் சதுரத்தை வைத்தேன். (ஆமாம், நிச்சயத்துக்குக் கொண்டுபோயிருந்தேன்.) ஒன்று முதல் இருபத்தைந்து வரை உயரமுள்ள மரக்கட்டைகள், ஐந்துக்கு ஐந்தாக ஒட்டியவை. எந்த வரிசையைக் கூட்டினாலும் அறுபத்தைந்து வரும். மேலே தண்ணீர் ஊற்றினால் உயரமான கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தேங்கும். அதிகத் தண்ணீர் தேங்கும்படி அடுக்குவதுதான் புதிர். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அடுக்கியிருந்தேன்.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "தண்ணி வெளிய வராதா மாப்ள?" என்றார் சந்தேகமாக.

"ஒரு சொட்டு வராது மாமா" என்று செம்பைக் கவிழ்த்தேன்.

புதிரின் விதிப்படி, கட்டைகள் மூலையோடு மூலை தொடும் இடத்தில் தண்ணீர் கசியாது. தண்ணீருக்கு அது தெரியவில்லை. நான்கு பக்கமும் பீறிட்டது. (கீழே தட்டு வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். புதிரில் தட்டு கிடையாது.) என் கண்முன்னாலேயே முத்திரை ஊதா நிறத்தில் கரைந்து, கையெழுத்தின் மேல் பரவி, என் பெயரையும் அடித்துக்கொண்டு போனது.

ஓலை எழுத வந்திருந்த நாசரேத் சபை ஐயர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தம்பி, இதுல பொண்ணு பேரு மட்டும்தான் இருக்கு. யாருக்குக் கட்டிவைக்கப் போறோம்னு நாளைக்கு வாசிக்க?"

மணப்பெண் ஜெபா என்னை வெறித்துப் பார்த்தாள். "நான் பேப்பர்ல வரஞ்சு காட்டுங்கன்னுதான சொன்னேன்?"

கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகுதான் நடந்தது. மண்டபத்துக்காரர், சமையல்காரர், துபாயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்த சித்தப்பா என எல்லோருக்கும் நானே போன் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும் என்பது மாமனாரின் தீர்ப்பு. சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டில் நான் டம்ளரைத் தொட்டால் போதும், மாமியாரின் குரல் வந்துவிடும்: "ஏளா ஜெபா, பேப்பரெல்லாம் எடுத்து உள்ள வை. மாப்ள தண்ணி குடிக்காவ!"