மூவர்ணத்தில் ஒரு தேக்சா பிரியாணி

உற்சாகம் வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. என்னைப் பெற்ற அம்மி பலமுறை சொல்லியும் நான் நம்பியதில்லை. தங்கை ஷபானாவின் கல்யாணத்தில் ஊரையே சாட்சியாக வைத்து அதை நிரூபித்தேன்.

நிக்காஹ் ஆகஸ்ட் பதினைந்து என்று முடிவானது. ஆம்பூரில் அன்று ஷூ கம்பெனி, தோல் பதனிடும் டேனரி எல்லாவற்றுக்கும் லீவு. யாரும் சூப்பர்வைசரிடம் கெஞ்சாமல் கல்யாணத்துக்கு வரலாம், அவ்வளவுதான் காரணம். எனக்கு அது போதவில்லை. "சுதந்திர தினத்துல கல்யாணம்! சும்மா வுட்றதா?" என்று குதித்தேன். மேடைக்கு மூவர்ணத் துணி, வாசலுக்கு மூவர்ண பலூன், வருகிறவர்கள் சட்டையில் குத்த மூவர்ண ரிப்பன்! ஷபானாவும், "சூப்பரா இருக்கு பாய்!" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

டேனரியில் கலர் கலப்பது என் வேலை. (என்னை விட்டால் உலகத்தில் கலர் தெரிந்தவனே கிடையாது என்று ஒரு நினைப்பு.) பிரியாணியும் மூவர்ணத்தில்தான் என்று அறிவித்தேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"டேய், மாப்ள வீட்டுக்காரங்க சாப்பாட நாங்க பாத்துக்கறோம்னாங்க. நான்தான், 'ஆம்பூர்ல பொண்ணெடுத்துட்டு எங்க பிரியாணி சாப்டாம போவீங்களா'ன்னு பேரணாம்பட்டு வரைக்கும் போய் வாயக் குடுத்துட்டு வந்துருக்கேன். மானத்த வாங்கிடாதடா."

"ஒண்ணும் ஆவாதுப்பா. கலர் நம்ம டிபார்ட்மென்ட்!"

பிரியாணி மாஸ்டர் கரீம் பாய் நல்ல யோசனைதான் சொன்னார். "மூணு தேக்சாவுல தனித்தனியா போட்டுக்கலாம் தம்பி." எனக்கு அது சப்பென்று இருந்தது. ஒரே தேக்சா அண்டாவில் அடியில் பச்சை, நடுவில் வெள்ளை, மேலே காவி என்று அடுக்க வேண்டும் என்றேன்.

"கிளறாம எப்டி தம்பி எடுக்கிறது?"

"கேக் மாதிரி வெட்டி எடுங்க பாய்!"

கலர்ப் பொடி டப்பாவில் 'ஒரு சிட்டிகை' என்று போட்டிருந்தது. டேனரியில் சிட்டிகை என்று ஓர் அளவே கிடையாது. பச்சை கொஞ்சம் கம்மியாகத் தெரியவே, முழு டப்பாவையும் கொட்டினேன். (மளிகைக் கடையில் வாங்கிய சமையல் கலர்தான், தோல் சாயம் இல்லை. இதை இன்றுவரை சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருக்கிறது.)

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. தேக்சா மூடியைத் திறந்தபோது செல்போனும் கையுமாகச் சுற்றி நின்றோம். ஆவி விலகியது. காவி ஜொலித்தது! நான் விசிலே அடித்துவிட்டேன். கரீம் பாய்க்கு முப்பது வருஷப் பழக்கம். தட்டை ஓரமாக அடிவரை இறக்கி ஒரே புரட்டு! "பாய்!" என்று நான் அலறுவதற்குள் இரண்டாவது புரட்டும் முடிந்தது. கலர் வேலை செய்கிறவனுக்கு இது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டாமா? மிச்சச் சாயத்தையெல்லாம் ஒரே வாளியில் கொட்டினால் வருமே, அந்தச் சேற்று நிறத்தில் கிடந்தது எங்கள் மானம்.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். பேரணாம்பட்டில் தோல் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தோலைப் பார்ப்பதுபோல விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது இன்னா ஷேடு தம்பி?"

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த கத்திரிக்காய்த் தொக்கு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"மிலிட்டரி கலர் மாமா... சுதந்திர தினம்ல..."

அவர் ஒரு வாய் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"கலரு ரிஜெக்ட்!" என்றார். "மாலு பாஸ்! இன்னொரு தட்டு கொண்டாடா!"

மண்டபமே ஓவென்று கத்தியது. அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்தே ஊட்டிவிட்டார் சம்பந்தி. பாவிப் பச்சை அதற்குள் வேலையைக் காட்டியிருந்தது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்த நேரம் பார்த்து ஃபோட்டோக்காரர் க்ளிக் செய்தார்.

கல்யாண ஆல்பத்தில் மற்றவர்கள் அத்தனை பேரும் வாயை இறுக மூடியிருப்பார்கள். ஷபானா பெரிதாக்கிப் பேரணாம்பட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அந்த ஒரு படத்தைத்தான். தோளில் கைபோட்டுக்கொண்டு, பச்சைப் பல்லும் பச்சை நாக்குமாகச் சிரிக்கும் இரண்டு சம்பந்திகள். யார் வந்து கேட்டாலும் மாமா என்னைத்தான் கை காட்டுவார்.

"எல்லாம் இவன் போட்ட கலரு. நாலு நாள் பல்லு வெளக்கியும் போவல. டேனரில இவன் போட்ற கலரு மட்டும் ஒரே மழையில போய்டுது!"