மூன்றாம் ஓலைக்கு வந்த தடை

மங்கலம் ரோடு, திருப்பூர்
செவ்வாய்க்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பொன்னுச்சாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சென்னம்மாளும் மகன் சதீஷ்குமாரும் சுகம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சபையார் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எங்கள் குலதெய்வத்தையும், ஞாயிற்றுக்கிழமை முதல் எனக்கு அறிமுகமான தங்கள் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். இதில் இருவருக்குமே வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

தாங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. ராஜபாண்டி மகள் அனுசுயாவின் கல்யாணத்துக்கு நான் சொன்ன தடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி, எதனால் அப்படிச் சொன்னேன் என்ற காரணத்தையும் சேர்த்து, வியாழக்கிழமைக்குள் கொடுத்தால்தான் பன்னிரண்டாம் தேதி தாலி கட்ட முடியும் என்றீர்கள். அந்த வரியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எழுதிவிட்டேன். காரணத்துக்குத்தான் பேப்பர் போதவில்லை. ஆகவே முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். தங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், என் பக்கத்தில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

ராஜபாண்டி என் கம்பெனியில் பதினேழு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். தெற்கே சாத்தான்குளம் பக்கத்தில் இருந்து கையில் ஒரு பையோடு வந்தவர். அவர் மனைவி விஜயராணியும் இங்கேதான் வேலை. மகள் அனுசுயா பி.காம். முடித்த கையோடு பேக்கிங்கில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. எந்தப் பெட்டியில் எத்தனை பீஸ், எந்த சைஸ், எந்தக் கப்பல் என்பதெல்லாம் அவள் நோட்டில்தான் இருக்கும். பதினோரு மணிக்கு நான் சர்க்கரை மாத்திரை போட்டேனா என்பதும் அந்த நோட்டில்தான் இருக்கும். போன மாதம் கணவனும் மனைவியும் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து, "முதலாளி, பிள்ளைக்கு மூணாம் ஓலை வாசிக்காங்க. அன்னைக்கே அசனமும் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்து முன்னால உக்காரணும்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பத்திரிகை உண்டு, ஓலை கிடையாது. அசனம் என்றால் சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்பது மட்டும் புரிந்தது. மற்றதை அனுசுயாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவளும், "ஒண்ணும் கஷ்டம் இல்லீங்கய்யா. மத்தவங்க எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க, அவ்வளவுதான்" என்றாள். அன்றைக்கு நான் இந்த விதியை மீறியது ஒரே ஒரு தடவை என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் வந்ததும் சென்னம்மாளைப் பெண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு விசேஷத்தில் அவள் பக்கத்தில் இல்லாமல் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதன் விளைவு தங்களுக்குத் தெரியும். என்னை முதல் பெஞ்சில், எங்கள் அயர்னிங் மாஸ்டர் பாண்டித்துரை பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சுவரில் ஒரு பலகை மாட்டி அதில் 112, 45, 208, 263 என்று நம்பர் போட்டிருந்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதித் தொங்கவிடும் பலகை அப்படியேதான் இருக்கும். இரண்டாவது மணியில் இப்படிப் படுத்துவிட்டதே என்று எனக்கு மனது கேட்கவில்லை. "ஏம்ப்பா, ரெண்டாவது மணிக்கு நாப்பத்தஞ்சுதானா? கரண்டு கிரண்டு போயிருச்சா?" என்று பாண்டித்துரையிடம் கேட்டேன். அவன் பாட்டுப் புத்தகத்தில் நாற்பத்தைந்தாம் பாட்டை எடுத்து என் மடியில் வைத்தான். நான் அதையும் ஏதோ ரிப்போர்ட் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன்.

பாட்டு ஆரம்பித்ததும் எனக்குக் குழப்பம் அதிகமாகிவிட்டது. கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேலே ஒரு வார்த்தை பேசாத பாண்டித்துரை, அடிவயிற்றில் இருந்து குரலை எடுத்துப் பாடினான். அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது தெரியாமல் எட்டு வருடம் அவனை இஸ்திரிப் பெட்டியோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அனுசுயா பாடகர் குழுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பேக்கிங் நோட்டு இல்லாமல் அவளைப் பார்த்ததே இல்லையா, அது அவள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் எழுந்து ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். இருநூறு பேராவது என் கையைப் பிடித்திருப்பார்கள். எங்கள் சங்கத் தேர்தலில் நின்றபோதுகூட எனக்கு இத்தனை கை கிடைத்ததில்லை. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்குச் சந்தோஷம் என்றுதான் தெரியவில்லை.

தங்கள் பிரசங்கத்தையும் கவனமாகக் கேட்டேன். நூறு ஆடு வைத்திருந்தவர், ஒன்று காணோம் என்றதும் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனார் என்றீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குன்னத்தூரில் எங்கள் தோட்டத்தில் ஆடு உண்டு, கம்பெனியில் பீஸ் உண்டு, இரண்டையும் எண்ணிப் பழகியவன் நான். நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஒரு பர்சன்ட். சரக்கு வாங்கும் எந்தப் பையரும் அதற்குக் கேள்வி கேட்பதில்லை. அந்த ஆள் தொழில் தெரியாதவர் என்று பாண்டித்துரையின் காதில் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த யோசனையில் இருக்கும்போதுதான் தாங்கள் ஓலை வாசித்தீர்கள். ஓலை எங்கே என்று பார்த்தேன், வெள்ளைப் பேப்பர்தான். சாத்தான்குளம் சபையைச் சேர்ந்த, பள்ளிக்கூட ஆசிரியர் ஞானதுரை என்பவருக்கும், நம் சபை ராஜபாண்டி குமாரத்தி அனுசுயாவுக்கும் பன்னிரண்டாம் தேதி கல்யாணம், இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு, இவர்கள் சேரக்கூடாதபடி தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தீர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அங்கே வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில், சபையைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எழுந்து ஒரு பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டவரை அவமதித்ததாக ஆகிவிடும். தாங்கள் பாவம், இத்தனை பேரைக் கேட்டுவிட்டுத் தனியாக நிற்கிறீர்கள். ராஜபாண்டி குடும்பத்துக்கு அங்கே என்னைவிடப் பெரியவர் யார்? ஆகவே எழுந்தேன். "நல்ல புள்ளைங்க சாமி, தாராளமா நடத்துங்க" என்று சொல்லத்தான் எழுந்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கைகூட எடுத்துக் கும்பிட்டேன். ஆனால் வாயைத் திறந்ததும், "பன்னெண்டாந்தேதி முடியாதுங்க. ஷிப்மென்ட் இருக்குதுங்க" என்று வந்துவிட்டது.

பெண்கள் பக்கத்தில் இருந்து சென்னம்மாள் "ஏனுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமா, அவர் தெற்கே இருந்து வந்திருந்தார், எழுந்து நின்றுவிட்டார். "பொம்பளப் பிள்ளை மேல என்ன குறை கண்டிய? வெளிப்படையா சொல்லுங்க" என்றார். குறை பிள்ளை மேல் இல்லை, கன்டெய்னர் மேல் என்று விளக்க நான் முயற்சி செய்தேன். கன்டெய்னர் யார் என்று அவர் கேட்டார்.

ஆராதனை முடிந்ததும் தாங்கள் எங்களையெல்லாம் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தடை என்று சபையில் சொல்லிவிட்டால் விசாரிக்காமல் விட முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். பேக்கிங்கில் பாதிப் பேர் பெண் வீட்டு உறவு, அவர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டால் பெட்டி கட்ட ஆள் இல்லை, பெட்டி கட்டாவிட்டால் கப்பல் போய்விடும் என்று நானும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ராஜபாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். விஜயராணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அனுசுயா கதவோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களாவது கோபித்தார்கள், புரிந்தது. அவள் கோபிக்காமல் பார்த்ததுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, தடை சொன்ன ஆளுக்கு உங்கள் சபையில் சோறு கிடைக்காது என்று நினைத்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தது, இளவட்டங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆயர் என்று பார்க்காமல் தாங்களும் தண்ணீர் ஊற்றினீர்கள். நான் என் கம்பெனியில் யாருக்கும் தண்ணீர் ஊற்றியது கிடையாது, அது அன்றைக்குத்தான் உறைத்தது. சாப்பிடச் சாப்பிட ஆள் மாற்றி ஆள் வந்து விசாரித்தார்கள். முதல் சோற்றுக்கு ஷிப்மென்டாக இருந்த விஷயம், இரண்டாவது சோற்றுக்கு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை என்று மாறி, ரசத்துக்கு வரும்போது என் மகனுக்குப் பெண் கேட்டு மறுத்துவிட்டதாக ஆகியிருந்தது. சதீஷ்குமாருக்குக் கல்யாணமாகி ஆறு வயதில் தேஜஸ்ரீ என்று பெண் இருக்கிறாள் என்பதை மூன்று பேரிடம் சொன்னேன். நம்பியவர் ஒருவர். கடைசியில் பாயசம் வந்தது. அதை என் இலைக்கு வரவிடாமல் அனுசுயா வந்து கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "சுகர் இருக்குதுங்கய்யா" என்றாள். தன் கல்யாணத்தை நிறுத்திய ஆள் என்று தெரிந்தும் அவள் சொன்னது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சென்னம்மாள், "அந்தப் புள்ளைக்கு அப்பன் ஸ்தானத்துல கூப்புட்டு உக்கார வெச்சாங்க. நீங்க போயி கப்பல் கதை பேசிட்டு வாரீங்க" என்றாள். ஆகவே சாமி, ஷிப்மென்டை நானே பார்த்துக்கொள்கிறேன். வடநாட்டுப் பையன்களை வைத்துப் பெட்டி கட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் நானும் மகனும் உட்கார்ந்து கட்டுவோம். பன்னிரண்டாம் தேதி பேக்கிங்குக்கும் கட்டிங்குக்கும் லீவு. மாப்பிள்ளையின் தாய்மாமாவிடம், பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை, ஆறு வருடத்தில் ஒரு பெட்டி மாறிப் போனதில்லை என்று தாங்களே சொல்லிவிட வேண்டும். செல்வி அனுசுயாவின் கல்யாணத்துக்கு என் தரப்பில் தடை எதுவும் இல்லை, நான் சொன்ன தடைக்குக் காரணம் ஷிப்மென்ட் ஒன்றே, அதையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மனதாரச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

மணமக்கள் எல்லா வளமும் பெற்று நூறாண்டு வாழ என் ஆசிகள். தங்கள் வீட்டு அம்மாவுக்கும், தண்ணீர் வாளி தூக்கிய இளவட்டங்களுக்கும், இருநூறு கைகளுக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள
பொன்னுச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி இதைச் சதீஷ்குமாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவன், "ஏனுங்கப்பா, பன்னெண்டாந்தேதி நமக்கு ஷிப்மென்டே இல்லீங்களே. அது போன வெள்ளிக்கிழமையே தூத்துக்குடி போயிருச்சு. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க" என்கிறான். பேப்பரை எடுத்துக் காட்டுகிறான். என் கையெழுத்துத்தான். மேலே முழுப் பட்டியலும் அனுசுயாவின் கையெழுத்து. அப்படியானால் அந்த அறையில் அவளுக்குத் தெரியும், ராஜபாண்டிக்குத் தெரியும், விஜயராணிக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். அவள் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று இப்போதுதான் விளங்குகிறது. ஆகவே மேலே ஷிப்மென்ட் என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிடவும். அங்கே வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமானால் அவள் சாத்தான்குளம் போய்விடுவாள். நூற்றுக்கு ஒன்றுதானே என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அந்த ஆட்டுக்காரரைத் தொழில் தெரியாதவர் என்று சொன்னதையும் சேர்த்துத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்னொரு விஷயம். தாலி கட்டுவதற்கு முன்னால் அன்றைக்கும் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்பீர்களாம், பாண்டித்துரை சொன்னான். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கேளுங்கள் சாமி. சென்னம்மாளை மட்டும் அன்றைக்கு என் பக்கத்திலேயே உட்கார விடுங்கள். என் சட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.