கேசிங் மாமா நடத்திய கருமாதிகள்

பூமிக்குக் கருமாதி செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் குமாரபாளையம் பக்கத்தில், எங்கள் தெருவில், எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும். ஊருக்கெல்லாம் அவர் கேசிங் மாமா.

ரிக் லாரியோடு நாடெல்லாம் சுற்றி ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போட்டவர். போர்க்குழியின் மேல்பகுதி சரியாமல், மேல்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கச் செருகுகிற குழாய்தான் கேசிங். மாமாவுக்கு உலகமே அந்தக் குழாய்க்குள் அடக்கம். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, கேசிங்தான் பத்தாது" என்றார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்த என்னிடமும், "உள்ள கேசிங் எளகிப்போச்சு கண்ணு" என்றுதான் ஆறுதல் சொன்னார்.

அப்புறம் எங்கள் தண்ணீர் நிறம் மாறியது. சாயப்பட்டறைகள் ஓடையில் விட்டதெல்லாம் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் ரோஸ். வெள்ளை வேட்டிக்காரர்கள் துவைக்கத் துவைக்கக் கட்சி மாறினார்கள். கொஞ்ச நாள் சிரித்தோம். பிறகு ஆடுகளுக்குச் சினை தங்கவில்லை. பிள்ளைகளின் கைகால் செதில் செதிலாக உரிந்தது. குடிக்கிற தண்ணீர் கேனில், வண்டியில் வந்தது. வண்டி வராத நாளில் தெரு நாக்கை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தபின், நிலத்தடி நீரைச் சுத்தம் செய்கிறவர்கள் வந்தார்கள். சாயத்தண்ணீரை இறைத்து, சுத்திகரித்து, மறுபடி பூமிக்குள் விடுவது திட்டம். அதற்கு நாங்களே குறுக்கே நின்றோம். மேல்தண்ணீர் கெட்டதும் நாங்கள் இன்னும் ஆழமாகப் போர் போட்டிருந்தோம். அதுவும் கெட்டதும் பக்கத்திலேயே இன்னொன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் துளை போடுவது. அந்தத் துளைகள் வழியாகத்தான் சாயம் அடியில் கிடந்த நல்ல தண்ணீருக்கும் படியிறங்கிப் போயிற்று. பழைய போர்களை அடைக்காமல் என்ன இறைத்தாலும் வீண் என்றார்கள்.

அடைப்பதா? வறண்ட போரைக்கூட ஒரு கல்லால் மூடி, என்றைக்காவது ஊறும் என்று காத்திருக்கிற ஜனம் நாங்கள். ஒருவரும் வாசல் கேட்டைத் திறக்கவில்லை.

அப்போதுதான் மாமா கையில் சங்கோடு கிளம்பினார்.

"போடறப்ப மட்டும் பூசை பண்ணுனீங்கல்ல? போறப்ப அனாதையா அனுப்பறதுங்களா?"

முதல் கருமாதி அவர் வீட்டுப் போருக்கு. தலையில் துண்டு, குழாய்க்கு ஒரு மாலை, ஒரு தம்ளர் பால், அப்புறம் களிமண்ணும் சிமெண்டும். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டிலேயே அடுத்த வாரம் சங்கு ஊதினார். முறையாக வழியனுப்பிவிட்டோம் என்றதும் மனசு சமாதானமாகிவிடுகிறது. ஆனால் மாமா கறார். அழாத குடும்பத்தை விடமாட்டார்.

"மஞ்சளும் கரும்பும் வெளைய வெச்ச போருங்க இது. ரெண்டு சொட்டு கண்ணுத்தண்ணி உட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"அதும் செவப்பா வந்துருமோன்னு பயமா இருக்குதுங் மாமா" என்றார் ஒருவர்.

கடைசியில் ஒரே போர் மிஞ்சியது. பொங்காயக்காவுடையது. புருஷன் போனபின் தாலிக்கொடியை விற்றுப் போட்ட போர். தெருவிலேயே ஆழமானது. அது திறந்திருக்கும்வரை மற்றதையெல்லாம் அடைத்தும் பயனில்லை. மாமா அவர் வாசலில் போய் நின்றார்.

"அம்மணி, நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"உங்களுக்கு வேணும்னா வெச்சுக்கோங்க. என்ற போரு உசுரோட இருக்குது."

"செவப்பால்ல வருது."

"ரத்தம் ஓடுனா உசுரு இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. சங்கைத் தரையில் வைத்தார்.

"அம்மணி, இந்தப் போரு நான் போட்ட அன்னிக்கு, பாறை வரைக்கும் கேசிங் எறக்கிட்டேன்னு சொன்னனில்ல. எறக்குல. அடுத்த ஊருல வண்டியக் கூப்புட்டுட்டே இருந்தாங்க. அவசரத்துல பாதியிலயே நிறுத்திப்போட்டேன். உங்க போருக்குள்ள சாயத்துக்கு வழி உட்டது நாந்தான்."

யார் யாருக்கோ கேசிங் பத்தாது என்று சொன்ன வாய் அது. பொங்காயக்கா விளக்குமாற்றை எடுத்தார். அடி விழப்போகிறது என்று நாங்கள் பின்வாங்கினோம். மாமா அசையவில்லை.

பொங்காயக்கா நேராகப் போர்க்குழாய் பக்கம் போய்க் குனிந்தார். "ஒரே ஆட்டுப் புழுக்கையாக் கெடக்குது. கூட்டித் தள்ளிர்றேன். பொறவு ஊதுங்க."

அன்றைக்கு மாமா யாரையும் அழச்சொல்லித் திட்டவில்லை. சங்கு ஊத மூச்சு வராமல் அவரே அழுதுகொண்டிருந்தார். அதற்குப்பின் பொங்காயக்கா அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

சாயத்தண்ணீரை இறைக்கிற மோட்டார்கள் ஓடின. பீட்ரூட் நிறம் ரோஸாகி, ரோஸ் வடிந்து வெளிறிய டீயாயிற்று. சோதனைக்கென்று வைத்த குழாயில் எடுத்த தண்ணீரைப் பாட்டிலோடு வெயிலில் தூக்கிப் பார்ப்பது மாமாவின் காலை வேலை. "தெளிஞ்சிருச்சுங்களா?" என்றால், "இன்னும் இல்லீங்க சாமி" என்பார். ஒரு வாய் குடித்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் ஆசை. தண்ணீர் தெளிவதற்குள் அவர் சிறுநீரகம் கைவிட்டது.

கடைசியாக உடலைக் குளிப்பாட்ட வேண்டும். அந்தச் சோதனைக் குழாயில் வந்தது டீ நிறம். "மேலுக்குத்தானுங்க, இதுவே போதும்" என்றார் ஒரு சொந்தக்காரர். பொங்காயக்கா எழுந்து வீட்டுக்குப் போனார். குடிக்க வைத்திருந்த கேனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"போற மனுசன் வெள்ளையாப் போகட்டும்" என்று தலையில் ஊற்றினார்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். அடுத்த வீட்டுக்காரர் எழுந்தார். நானும் போய் எங்கள் கேனைத் தூக்கி வந்தேன். வண்டி மறுநாள்தான் வரும். அதுவரை எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை.