முக்காலியும் நான் பொறுக்கிய வெள்ளை உருண்டைகளும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே நிற்கும் அத்தனை கல்தூண்களும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் ஒரே மனிதர் முக்காலி. வீட்டில் வைத்த பெயர் வேறு. லேசர் மெஷினை நிறுத்தும் முக்காலியைத் தோளைவிட்டு இறக்கவே மாட்டார் என்பதால் எங்கள் குழு வைத்த பெயர் இது. பஸ்ஸில் மட்டும் இறக்குவார், ஜன்னல் சீட் அதற்குத்தான். இவர் நின்றுகொண்டு வருவார்.

பழைய கோயில்களை லேசரால் அளந்து கம்ப்யூட்டரில் வடிவம் எடுப்பது அவர் வேலை. அந்த வடிவத்துக்கு நிறம் கொடுக்கப் படம்பிடிப்பது என் வேலை. நகரியில் இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தவன் நான். தூணைப் பார்த்துக்கூட "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிடுவேன்.

மெஷின் சுழலும்போது யார் தலையும் தெரியக் கூடாது. பார்வையிட வந்த பெரிய அதிகாரியையே, "சார், நீங்களும் பதிவுல வந்துடுவீங்க, தூணுக்குப் பின்னாடி குந்துங்க!" என்று குந்தவைத்தவர். அதிகாரி எழுந்தபோது சட்டையெல்லாம் வௌவால் எச்சம்.

ஏர்பேடு பக்கம் ஒரு சாய்ந்த மண்டபம். மறுநாள் காலை கல் கல்லாகப் பிரித்து, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி, மறுபடி அடுக்கப் போகிறார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்பதற்கு எங்கள் பதிவுதான் சாட்சி. ஏழெட்டு இடத்திலிருந்து அளந்ததைப் பிறகு ஒன்றாக ஒட்ட அடையாளம் வேண்டுமே, அதற்காக முக்காலி அங்கங்கே வெள்ளை உருண்டைகளை வைத்திருந்தார். பாதி வேலையில் டீ குடிக்கப் போனார். படத்தைக் கெடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஓரங்கட்டிப் பழகிய கல்யாண வீட்டுக் கை என்னுடையது. உருண்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டேன்.

"உருண்டைங்க எங்கபா?" என்றார் திரும்பி வந்த முக்காலி.

"பையில இருக்குதுண்ணா. பாக்க அசிங்கமா இருந்துச்சு, அதான்..."

அவர் வாட்சைப் பார்த்தார். எடுத்த உருண்டையை மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் திரும்ப வைக்க முடியாது. முதல் பாதியை மறுபடி அளக்க நேரமில்லை. வாடகை மெஷின் சாயங்காலம் திரும்பியாக வேண்டும். மறுபடி அடுக்கிய மண்டபத்தில் யாளி தலைகீழாகத் தொங்குவதும், ஊரே என்னைத் துரத்துவதும் கண்ணில் தெரிந்தது. முக்காலி மிச்சப் பாதிக்கு மெஷினைச் சுழலவிட்டார். ஒளியக்கூடத் தோன்றாமல், மூன்றாவது தூணடியில் தலையில் கைவைத்துக் குந்திவிட்டேன்.

"நான் ஊருக்கே போயிடறேண்ணா."

"எங்க போற? போட்டோ எத்தினி எடுத்த?"

"ஒரு தூணுக்கு நாப்பது."

"இன்னாத்துக்குபா அத்தினி?"

"யாராவது கண்ண மூடிக்குவாங்கன்னு பயம்ணா. கல்யாணத்துல வந்த பழக்கம்."

"தூணு கண்ண மூடாது நைனா!" என்று சிரித்தார்.

மண்டபத்துப் படியில் லேப்டாப்பைத் திறந்தார். யாளியின் உடைந்த மூக்கு, ஐந்தாம் தூணின் விரிசல், உத்தரத்தில் ஒரு உளிக்காயம் என்று ஒவ்வொன்றையும் முன்பே தொட்டுப் பார்த்து வைத்திருந்தார் மனிதர். என் படங்களில் அவற்றைத் தேடிப் பிடித்து, அவற்றையே உருண்டைகளாக்கி, இருட்டுவதற்குள் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டார். இன்று மண்டபம் நிமிர்ந்து நிற்கிறது. யாளி நேராகத்தான் இருக்கிறது.

போன மாதம் சித்தூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பதிவைக் காட்டினார். பதிவில் விழுந்த ஒரு ஆட்டுக்குட்டி வாலைக்கூட விடாமல் அழித்துவிடுபவர் அவர். ஆனால் மூன்றாவது தூணடியில் தலையில் கைவைத்தபடி ஓர் உருவம்.

"இது நான்தானேண்ணா? அழிக்கலையா?"

"ஆபீசுக்குக் குடுத்ததுல அழிச்சிட்டேன். இது நான் வச்சிக்கினு இருக்கறது. அன்னிக்கு அந்த மண்டபத்துல நீயும்தானேபா இருந்த?"

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கேமராவை உட்காரவைத்துவிட்டு, நகரிவரை நின்றுகொண்டே வந்தேன்.